மேசைக் கணினியைத் தூக்கிச் செல்வோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

வீடு மாறும்போது மேசைக் கணினியை அப்படியே ஆட்டோவில் ஏற்றிவிடுகிறார்கள். பெட்டி நின்ற நிலையில் போனால் கிராபிக்ஸ் கார்டின் (திரைக்குப் படம் தரும் அட்டை) எடை ஒவ்வொரு பள்ளத்திலும் மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகை) அது செருகியிருக்கும் ஸ்லாட்டை நெம்பும். பெங்களூரில் பள்ளத்துக்கா பஞ்சம்! அதனால் கார்டைக் கழற்றிவிடுங்கள். அதன் பவர் கேபிளைப் பிடுங்கி, ஸ்குருவைக் கழற்றி, ஸ்லாட் நுனிக் கொக்கியை அழுத்திய பிறகே கார்டை எடுக்க வேண்டும். வெறுமனே இழுத்தால் கொக்கி உடையும். கார்டை நிலைமின்சாரம் தாக்காத ஆன்டி-ஸ்டேடிக் உறையில் தனியே வையுங்கள். சிபியு கூலர் (செயலியைக் குளிர்விக்கும் பாகம்) உயரமானதென்றால், மதர்போர்டு அடியில் வரும்படி பெட்டியைப் படுக்கவைப்பதே பாதுகாப்பு. வைஃபை ஆன்டெனாவையும் கழற்றிவிடுங்கள்.

அடிக்கடி எடுத்துச் செல்வோருக்கு 17 செ.மீ. சதுர மினி-ஐடிஎக்ஸ் என்ற சிறிய மதர்போர்டும் எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவு பவர் சப்ளையும் ஏற்றவை. கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் விசாரிக்கலாம். விலை அதிகம், வாங்குமுன் கூலர் உயரமும் கார்டின் நீளமும் பெட்டிக்குள் அடங்குமா என்று அளந்து பாருங்கள்.

- வாசகர், அல்சூர், பெங்களூரு