பாறைக்குள் வெப்பமானி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்ந்த மலைகளில் பாறை சரிந்த செய்தி வரும்போது, மழையும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை, காரணம் புரியவில்லை என்று யாராவது ஒரு அதிகாரி சொல்லியிருப்பார். பாறைச் சரிவுகளில் துளையிட்டு, எஃகுக் கம்பி செருகி, வலை கட்டி வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த பொறியாளர் நான். அந்த வரியை என்னால் சும்மா வாசித்துவிட்டுப் போக முடிவதில்லை. மழையும் நிலநடுக்கமும் இல்லாமல் மலை விழுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது பாறையின் உள்ளே இருக்கிறது. அதைத்தான் நாம் அளப்பதில்லை.

மலைச்சிகரம் வெளியிலிருந்து பார்க்க ஒரே கல்லாகத் தெரியும். உண்மையில் அதன் உடம்பு முழுக்கப் பிளவுகள். உருகுநீர் அந்தப் பிளவுகளில் இறங்கி, கோடையிலும் கரையாமல், நூற்றாண்டுகளாக உறைந்தே கிடக்கும். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்ஜிய டிகிரிக்கு மேல் ஏறாத நிலத்தை உறைநிலம் என்கிறோம். கட்டுச்சுவரில் கற்களுக்கு நடுவே காரை நிற்பதைப்போல, செங்குத்துச் சரிவுகளில் இந்தப் பனிக்கட்டி பாறைத் துண்டுகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கிறது.

பனி உருகி ஓடினால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே ஆபத்து தொடங்கிவிடுகிறது. மைனஸ் ஐந்து டிகிரியில் இறுகப் பிடித்திருக்கும் பனிக்கட்டி, மைனஸ் ஒன்றை நெருங்கும்போது கட்டியாகவே இருந்தாலும் மெல்லக் குழைந்துகொடுக்கும். பனி நிரம்பிய பிளவுகளை ஆய்வகத்தில் சோதித்தவர்கள் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். மைனஸ் ஒன்றரைக்கும் பூஜ்ஜியத்துக்கும் இடைப்பட்ட நிலையில், பனி முழுவதும் உருகிப் பாறையோடு பாறை உரசி நிற்கும் நிலையைவிடவும்கூடப் பிளவு பலவீனமாக இருக்கக்கூடும். 2007 முதல் 2016 வரை உலகின் மலை உறைநிலங்கள் சராசரியாக 0.19 டிகிரி சூடேறின என்று படிக்கும்போது, இவ்வளவுதானா என்று தோன்றலாம். மைனஸ் பத்தில் இருக்கும் பாறைக்கு அது ஒன்றுமில்லைதான். மைனஸ் ஒன்றில் நிற்கும் பாறைக்கு அப்படியல்ல.

நீரின் வேலை இன்னும் மோசம். வெப்பம் பாறை வழியாக மிக மெதுவாகத்தான் இறங்கும். பத்து மீட்டர் ஆழத்துக்குப் போகவே மாதங்கள் ஆகும். ஆனால் பிளவு வழியே புகும் உருகுநீர் அதே வெப்பத்தைச் சில நாட்களிலேயே ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். எங்கள் தொழிலில் ஒரு சரிவுக்கு எத்தனை கம்பி வேண்டும் என்று கணக்குப் போடும் முன்பே, வடிகால் துளை போட்டாயா என்றுதான் மூத்தவர்கள் கேட்பார்கள். பின்னால் நீர் தேங்கினால் எந்தக் கம்பியும் தாங்காது. உறைந்த சரிவில் நீர் வெளியேறும் வழியைப் பனியே அடைத்திருக்கும். உள்ளே புகுந்த நீர் போக்கிடமின்றிப் பாறையை வெளிப்பக்கம் நெட்டித் தள்ளும்.

2003ஆம் ஆண்டின் கடும் கோடையில் ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில், ஏறுபவர்கள் வழக்கமாகச் செல்லும் ஹோர்ன்லி முகட்டில் பாறை இடிந்தது. மேலே சிக்கியவர்களை ஹெலிகாப்டரில் இறக்க வேண்டியிருந்தது. பாறை பெயர்ந்த இடத்தில் பளபளவென்று பனிக்கட்டி தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, மோன் பிளாங்க் மலைத்தொடரில் ட்ரூ சிகரத்தின் பொனாட்டித் தூண், மலையேறிகள் அரை நூற்றாண்டாகப் போற்றிய அந்தக் கருங்கல் முகம், பெரும்பாலும் பெயர்ந்து விழுந்தது.

இதையெல்லாம் கோடைக்கால விவகாரம் என்று ஒதுக்க முடியாது. மேற்பரப்பிலிருந்து சிறு கற்கள் உதிர்வது கோடையில்தான் அதிகம். ஆனால் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் மேற்பரப்பில் பட்ட வெப்பம் இன்றுதான் பல பத்து மீட்டர் ஆழத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த ஆழத்திலிருந்து பெயரும் பெரும் சரிவு காலண்டர் பார்த்து வருவதில்லை.

சமோலியை நினைத்துப் பாருங்கள். 2021 பிப்ரவரி 7, நடுக் குளிர்காலம். உத்தராகண்டின் ரோந்தி சிகரத்தில், வடக்கு நோக்கிய சரிவில், சுமார் 5,500 மீட்டர் உயரத்திலிருந்து 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்தன. அதில் ஐந்தில் நான்கு பங்கு பாறை. ஏறத்தாழ 1,800 மீட்டர் கீழே விழுந்த வேகத்தில் எழுந்த உராய்வு வெப்பமே பனியை உருக்க, மலை சேற்று வெள்ளமாக மாறியது. ரிஷிகங்கை நீர்மின் நிலையம் அடித்துச் செல்லப்பட்டது; கட்டப்பட்டுக்கொண்டிருந்த தபோவன் திட்டத்தின் சுரங்கத்துக்குள் தொழிலாளர்கள் சிக்கினார்கள். இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் 200க்கு மேல். அந்தச் சரிவில் விரிசல் முன்னரே திறந்திருந்தது பழைய செயற்கைக்கோள் படங்களில் தெரிகிறது. சுரங்கத்தின் உள்ளே எவ்வளவு காற்று, எவ்வளவு வெளிச்சம் என்று விதி வைத்திருக்கிறோம். அந்த மனிதர்களின் தலைக்கு மேலே நின்ற மலையின் விரிசலைப் பார்ப்பது யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. அதை எண்ணும்போது இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

2023 அக்டோபரில் சிக்கிமில் வேறு விதமாக நடந்தது. தெற்கு லோனக் ஏரிக்கு மேல், பனியாறு விட்டுச்சென்ற உறைந்த மண்ணும் கல்லும் கலந்த கரை, சுமார் 1.47 கோடி கன மீட்டர், ஏரிக்குள் சரிந்தது. எழுந்த அலை ஏரியின் வாயை உடைத்தது. கீழே சுங்தாங்கில் தீஸ்தா-3 அணை போயிற்று. ஏரியில் எவ்வளவு நீர் சேர்கிறது என்று பல ஆண்டுகளாகக் கவலைப்பட்டோம். அந்த நீரில் விழுந்த கரையும் உறைநிலம்தான் என்பதைச் சரிந்த பிறகே பலரும் கவனித்தார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உயரத்தில் விழும் ஒவ்வொரு கல்லுக்கும் பருவநிலை மாற்றமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பாறையின் இயல்பும் பிளவுகள் சாய்ந்திருக்கும் கோணமும்தான் முதல் காரணம். பனியாறு சுருங்கும்போது பக்கச் சரிவுகள் முட்டுக்கொடுப்பை இழப்பதும் உண்டு. ஒரு தனிச் சரிவில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். அளவுகள் இருந்தால் மட்டுமே அந்த வாதத்தை நடத்தவே முடியும்.

சுவிட்சர்லாந்தில் மூர்த்தெல் என்ற இடத்தில் 1987 முதல் துளைக்குள் வெப்பமானிச் சரம் தொங்கவிட்டு உறைநிலத்தை அளந்துவருகிறார்கள். இன்று அந்த நாட்டுக்கு இதற்கென்றே ஒரு கண்காணிப்பு வலையமைப்பு உண்டு. அளப்பதனால் எல்லோரும் பிழைத்துவிடுவதில்லை. 2017இல் பிட்ஸ் செங்கலோ மலையிலிருந்து சுமார் 30 லட்சம் கன மீட்டர் பாறை விழுந்தபோது மலையேற்ற நடையர்கள் எட்டுப் பேர் மாண்டார்கள். கீழே போண்டோ கிராமத்தில் பொருத்தியிருந்த தானியங்கி எச்சரிக்கை கிராமத்தவர்களைக் காப்பாற்றியது. 2025 மே மாதம் பிளாட்டன் கிராமத்தில், மேலே மலை அசைவதைக் கண்டவர்கள் சுமார் 300 பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். ஒன்பது நாட்கள் கழித்துப் பாறையும் பனியாறும் சேர்ந்து விழுந்து கிராமத்தின் பெரும்பகுதியைப் புதைத்தன. ஒருவர் இறந்தார். மற்றவர்களுக்கு வீடு போயிற்று, உயிர் இருக்கிறது.

இமயத்தில் இப்படிப்பட்ட ஆழ்துளை அளவீடுகள் மிகவும் அரிது. காற்றின் வெப்பத்தைக் கொண்டும் செயற்கைக்கோளைக் கொண்டும் உறைநிலம் எங்கே இருக்கும் என்று கணித்துவைத்திருக்கிறோம். செங்குத்துப் பாறைக்கு அது போதாது. நிழல்பட்ட வடக்கு முகமும் வெயில்பட்ட தெற்கு முகமும் ஒரே உயரத்தில் பல டிகிரி வேறுபடும்.

எனவே நான் கேட்பது இதைத்தான். மலையாறுகளில் அணையோ சுரங்கமோ கட்ட அனுமதி கோரும் திட்ட அறிக்கை, தன் இடத்து மண்ணோடும் பாறையோடும் நின்றுவிடக் கூடாது. அந்த ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள உறைந்த சரிவுகளையும் அது கணக்கில் எடுக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய சரிவுகளை ஆண்டுதோறும் செயற்கைக்கோள் படங்களில் ஒப்பிட்டு, புதிய விரிசல் திறந்தால் கீழே வேலை செய்பவர்களுக்கு அவர்களுடைய மொழியில் சொல்ல வேண்டும். அணுக முடிந்த உயரங்களில் துளையிட்டு வெப்பமானிகளைப் பொருத்தி, அவை தரும் எண்களை எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். துளை போடுவது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. அணைக்கு அடித்தளம் தேடி நூற்றுக்கணக்கான மீட்டர் துளையிடுகிறவர்கள், அதே பொறியைக் கொண்டு மேலே நாலைந்து துளைகள் போட முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாறைச் சரிவுப் பொறியாளர் ஒருவர்