கோணம் இல்லாத வெளியில் ஒரு செங்கோடு

அன்பு மகளுக்கு,

நீளமும் கோணமும் இல்லாத ஆஃபைன் வெளியில் ஒரு மீப்பரப்புக்கு (வெளியைவிட ஒரு பரிமாணம் குறைந்த பரப்புக்கு)ச் செங்கோடு எங்கிருந்து வரும் என்று எழுதிக் கேட்டிருந்தாய். ஆய்வின் தொடக்கத்திலேயே உனக்கு இக்கேள்வி எழுந்தது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. இத்துறையின் பெரும்பகுதி இதற்கான விடையிலிருந்தே கிளைக்கிறது.

முதலில் தளத்தில் ஒரு குவிந்த வளைகோட்டை வரைந்துகொள். ஒரு புள்ளியில் தொடுகோடு இழுத்து, அதற்கு இணையான நாண்களின் நடுப்புள்ளிகளைக் குறித்தால், அந்நடுப்புள்ளிகளின் பாதை தொட்ட புள்ளியை எத்திசையில் வந்தடைகிறதோ அதுவே ஆஃபைன் செங்கோட்டின் திசை. இணைத்தன்மையையும் நடுப்புள்ளியையும் எந்த ஆஃபைன் உருமாற்றமும் (நேர்கோடுகளை நேர்கோடுகளாகவே வைத்து நீட்டி, சாய்த்து, நகர்த்தும் மாற்றம்) குலைப்பதில்லை என்பதால், தளத்தை எப்படிச் சாய்த்து இழுத்தாலும் இத்திசை வளைகோட்டுடன் கூடவே செல்லும். பரவளையத்தில் இந்நடுப்புள்ளிகள் அச்சுக்கு இணையான ஒரே நேர்கோட்டில் அமைவதை ஆர்க்கிமிடீஸே அறிந்திருந்தார். பரப்புக்கு வரும்போது, தொடுதளத்துக்கு இணையான வெட்டுமுகங்களையும் அவற்றின் பொருண்மை மையங்களையும் எடுத்துக்கொள். செங்கோட்டின் அளவையும் நிலைநிறுத்த வேண்டுமானால், கனஅளவை மாற்றாத உருமாற்றங்களோடு நின்றுகொள்ள வேண்டும். சூத்திரங்களுக்குள் நுழையுமுன் இதைக் கையால் வரைந்து பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

இச்செங்கோடுகள் எல்லாம் ஒரே புள்ளி வழியாகச் சென்றாலோ, ஒன்றுக்கொன்று இணையாக இருந்தாலோ அப்பரப்பை ஆஃபைன் கோளம் என்கிறோம். ருமேனியக் கணிதவியலாளரான ட்சிட்செய்க்கா 1908 வாக்கில் வேறொரு வழியாக இவற்றைக் கண்டடைந்தார்: காஸ் வளைமையை (ஒரு புள்ளியில் பரப்பு எவ்வளவு வளைகிறது என்பதன் அளவை), ஆதிப்புள்ளியிலிருந்து தொடுதளத்துக்குள்ள தொலைவின் நான்காம் அடுக்கால் வகுத்தால் மாறிலி கிடைக்கும் பரப்புகள் அவை. ஜெர்மன் மொழிக் கணிதவியலாளர் பிளாஷ்கே தம் 1923ஆம் ஆண்டு நூலில் இத்துறைக்கு முழு வடிவம் தந்தார்.

ஆயத்தொலைவுகள் மூன்றும் மிகையாகவும் அவற்றின் பெருக்கற்பலன் 1 ஆகவும் உள்ள பரப்பை எடுத்துக்கொள். அதில் மூன்று ஆயத்தொலைவுகளும் 1 ஆக உள்ள புள்ளியில், வெட்டுமுகங்கள் ஆயத்தொலைவுகளை இடம்மாற்றினாலும் மாறாதவை; ஆகவே அவற்றின் மையங்கள் ஆதிப்புள்ளி வழிச் செல்லும் கோட்டிலேயே கிடக்கும். பெருக்கற்பலன் 1 வரும் மூன்று மிகை எண்களால் அச்சுகளை நீட்டிச் சுருக்கினால், பரப்பு தன்மேலேயே படியும். அந்தப் புள்ளியோ பரப்பின் எந்தப் புள்ளிக்கும் போய்ச்சேரும். எனவே எல்லாச் செங்கோடுகளும் ஆதிப்புள்ளியைக் கடந்தே ஆக வேண்டும். ஒரு வகைக்கெழுகூட எடுக்காமல் இது கோளம் என்று நிறுவிவிட்டோம்! ட்சிட்செய்க்காவின் விகிதம் இங்கே 1/27. அதை நீயே கணக்கிட்டுப் பார்.

நேர்கோடு எதையும் முழுமையாக உள்ளடக்காத ஒவ்வொரு திறந்த குவிகூம்புக்கும், அதன் விளிம்பை அணுகிச் செல்லும் இத்தகைய கோளம், அளவு வேறுபாடு தவிர்த்து, ஒன்றே ஒன்று உண்டு என்பது கணிதவியலாளர் காலாபி ஊகித்து, செங், யாவ் என்ற இருவர் நிறுவிய முடிவு. செங்கோடுகள் இணையாகும் வகையிலோ, பரப்பை ஒரு சார்பின் வரைபடமாக எழுதினால் அச்சார்பின் இரண்டாம் வகைக்கெழுக்களின் அணிக்கோவை 1 என்ற சமன்பாடு கிடைக்கும்; அதற்கு வெளி முழுவதும் பரவிய குவிந்த தீர்வுகள் இருபடிக் கோவைகள் மட்டுமே. இரு மாறிகளுக்கு யோர்கன்ஸ் 1954இலும், ஐந்து வரை காலாபி 1958இலும், எல்லாப் பரிமாணங்களுக்கும் போகரெலோவ் 1972இலும் நிறுவினர். காலாபியின் கட்டுரையை முதலில் படி. படித்து முடித்ததும் எந்த வரியில் தடுக்கியது என்று எழுது, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா