சொல்லை எடுத்துக் கொடுக்காதே

பாம்பன், தெற்குவாடி
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன வாரம் ஃபோனில், "வீட்டில் எறிந்த தட்டுக்கு ஊர் ஊராகப் போய்ப் பரிகாரம் தேடுறீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு அழுதாய். எனக்குப் பதில் வாயில் வரவில்லை. அதற்குள் நீ வைத்துவிட்டாய். கோபம் இல்லை பாப்பா. தலையில் அடிபட்டவர்கள் இருக்கிற வீடுகளுக்கு நான் போய்வருவதைத்தான் கேட்டாய். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2018-இல் அந்த ராத்திரி நடந்ததெல்லாம் என்னைவிட உனக்குத்தான் தெரியும். மண்டபத்திலிருந்து வண்டியில் வந்தேன், ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் இருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். (ஸ்கூட்டியில் போகும்போது வாரைப் பூட்டுகிறாயா? பூட்டாத ஹெல்மெட் கீழே விழுவதற்கு முன்பே கழன்று ஓடிவிடும்.) இங்கிருந்து மதுரைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். அங்கே இடது பக்க மண்டை ஓட்டில் ஒரு துண்டை எடுத்து, மூளை வீக்கம் வடியும்வரை என் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார்கள். "மண்டையை வயித்துல வச்சிருந்த மனுஷன்" என்று உன் அம்மா இன்னமும் கூடையைக் கீழே இறக்காமலே கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

துண்டைத் திரும்ப வைத்தார்கள். சொல்தான் திரும்பவில்லை. முப்பது வருஷம் தென்கடலில் வலை இழுத்தவன், கையில் சீலா மீனை வைத்துக்கொண்டு அதன் பேர் தெரியாமல் நின்றேன். காற்று மாறுவது தோலுக்குத் தெரியும். அது கச்சானா கொண்டலா என்று வாய்க்குத் தெரியாது. உன் பேரும் வரவில்லை. ஆனால் சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது 'அருள் நிறைந்த மரியே' முழுசாக வந்தது. நீ அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாமி பேர் வருது, என் பேர் வரலையா என்று நினைத்திருப்பாய். பேச்சு பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்து வேலை. ஊறிப்போன ஜெபமும் பாட்டும் அடிபட்ட பிறகும் பல பேருக்கு மிஞ்சி நிற்கும். இதைப் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் ஒரு வருஷம் கழித்து. வசவும் அப்படித்தான் மிஞ்சுமாம். அது உனக்கே தெரியும்.

அப்புறம் அந்தக் கிறிஸ்துமஸ். டிவி, வெடி, மாமா பிள்ளைகளின் கூச்சல். நீ பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாய். சத்தமெல்லாம் சேர்ந்து தலைக்குள் ஆணி அடிப்பதுபோல இருந்தது. "நிறுத்துங்க" என்ற ஒரு சொல் கிடைத்திருந்தால் தட்டு பறந்திருக்காது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது வலிப்பு மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று சொன்னார்கள். இந்த மனுஷனுக்கு இனிமேல் சத்தம் ஆகாது, சீக்கிரம் களைத்துப்போவார், கோபம் பொத்துக்கொண்டு வரும், அதுவும் அடிபட்டதோடு சேர்ந்ததுதான் என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் மூன்று பேரும் பயந்துகொண்டு இருந்தீர்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தேன். எறிந்தது நான்தான். அதற்கு மூளையைச் சாக்குச் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் வாலிநோக்கம் பக்கம் ஒரு அம்மா கூப்பிட்டார்கள். மகனுக்கு இருபத்திரண்டு வயது, வண்டியில் விழுந்து இரண்டு வருஷம். அடிக்கிறான், இருட்டறையை விட்டு வர மாட்டேன் என்கிறான். பேய் பிடித்திருக்கிறது, ஏர்வாடி தர்கா பக்கம் கொண்டுபோய் விட்டுவிடு என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் செத்தது உனக்குத் தெரியும். சங்கிலிக் காப்பகங்களை அதற்குப் பிறகு மூடிவிட்டார்கள். சங்கிலி போட நினைக்கிற மனசு இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்: "தம்பி, மிக்ஸி போட்டா தலைக்குள்ள ஆணி அடிக்குதா?" அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் அம்மா வாசலில் நின்று, "மிக்ஸியா? மிக்ஸியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

மற்றதெல்லாம் அலைச்சல்தான். திங்கட்கிழமை மனு நாளில் இப்படிப்பட்ட வீட்டுக்காரர்களோடு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸுக்குப் போவேன். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடு இருக்கிறது. தலையில் அடிபட்டவர் என்று தனி வகை இல்லை. பேச்சு, கைகால், மனநலம் என்று எது பாதித்திருக்கிறதோ அதில்தான் டாக்டர் சான்றிதழில் 40 சதவீதமாவது போட வேண்டும். "பார்க்க நல்லாத்தானே இருக்கார்?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அப்போது நான் பேச ஆரம்பிப்பேன். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு நிமிஷம். முடிக்கும்வரை அவர்கள் காத்திருந்தே ஆக வேண்டும். இந்தத் திக்கல் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அது ஒன்றுதான்.

பரிகாரமா என்று கேட்டாய். ஆமாம், பாதி அதுதான். மறு பாதி, அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நம் வீட்டு வாசலில் வந்து நின்று யாராவது அந்த ஆணியைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம். வேறு வீட்டு வாசலில் நிற்கும்போது சில நேரம் உள்ளே நீ இருப்பதுபோல இருக்கும். இதை ஃபோனில் சொல்ல என்னால் முடியாது.

நெளிந்த அந்த எவர்சில்வர் தட்டை அம்மா தூக்கிப் போடவில்லை. இப்போது அதில்தான் கோழிக்குத் தவிடு வைக்கிறாள்.

இதை எழுத நாலு நாள் ஆயிற்று. 'ஆதங்கம்' நேற்று மத்தியானம்தான் வந்தது. அடுத்த ஞாயிறு கூப்பிடு. நடுவில் நான் நின்றால் நீ சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறாய், பாசம்தான், தெரியும். கொடுக்காதே பாப்பா. கொஞ்சம் இரு. வந்துவிடும்.

அப்பா