‘மேனேஜர்’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்

மொழிபெயர்ப்பு நிறுவனங்களில் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கும், அவர்களுக்கு ஃபைல் அனுப்பும் எச்.ஆர். துறையினருக்கும்,

வணக்கம். சென்னையில் உட்கார்ந்து ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. ஒப்பந்தம், இயந்திரக் கையேடு, மருத்துவமனைப் படிவம் என்று எது வந்தாலும் ஒரு வழியாகச் செய்துவிடலாம். பதவிப் பெயர்ப் பட்டியல் வந்தால்தான் கை நின்றுவிடுகிறது. ஒரு எக்செல் ஷீட், அதில் ஒரு பத்தி ஆங்கிலம், பக்கத்துப் பத்தி காலி. மேனேஜர், அசிஸ்டென்ட் மேனேஜர், டைரக்டர், ஆபீசர், எக்ஸிக்யூட்டிவ், வி.பி. (வைஸ் பிரெசிடென்ட்) என்று வரிசையாகப் போகும். கூடவே, ‘வெறும் சொற்கள்தானே, சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடுங்கள்’ என்று ஒரு வரி. சொல்லுக்கு இத்தனை பைசா என்ற கணக்கில் அந்த ஷீட்டுக்கு என்ன தேறும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை இன்னொரு நாள் பேசலாம்.

இன்று கேட்பது வேறு. எந்த நாட்டுக்கு, அந்தப் பதவிக்காரர் யாருக்குக் கீழே, அவருக்குக் கீழே யாராவது உண்டா? இந்த மூன்றும் தெரியாமல் அந்தக் காலிப் பத்தியை நிரப்ப முடியாது. நிரப்பலாம்தான், ஆனால் அது குருட்டாம்போக்கு.

அசிஸ்டென்ட் மேனேஜரையே எடுத்துக்கொள்வோம். அகராதியை நம்பி ‘அசிஸ்தெந்தே தெ ஹெரென்சியா’ என்று போட்டால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். பெருவின் லிமாவிலோ சிலியின் சாந்தியாகோவிலோ அந்தப் பெயருக்கு அர்த்தமே வேறு. மேலாளரின் கடிதங்களையும் சந்திப்புகளையும் கவனிக்கும் செயலாளர் அவர். மேலாளருக்கு அடுத்த படியில் இருப்பவரை அங்கே ‘சுப்ஹெரெந்தே’ என்பார்கள். பத்துப் பேரை மேய்க்கும் ஒருவர் உங்கள் விசிட்டிங் கார்டால் ஒரே இரவில் செயலாளர் ஆகிவிடுகிறார். சினிமாவில் உதவி இயக்குநரும் இயக்குநரின் உதவியாளரும் ஒன்றா என்று கேட்டால் நம் ஊரில் யாரும் சிரிப்பார்கள். அதே வித்தியாசம்தான் இது.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அரசு அலுவலகங்களில் உதவி இயக்குநர், துணை இயக்குநர், இணை இயக்குநர், கூடுதல் இயக்குநர், இயக்குநர் என்று படிக்கட்டு முடிவாகிவிட்டது. யாரும் இணையையும் துணையையும் குழப்பிக்கொள்வதில்லை. ஸ்பானிஷ் ஆட்சிமொழியாக இருக்கும் நாடுகள் 20. அத்தனைக்கும் பொதுவான படிக்கட்டு ஒன்று கிடையாது.

‘டைரக்டர்’ என்ற சொல்லில் இது அப்பட்டமாகத் தெரியும். ஸ்பெயினில் ‘திரெக்தோர்’ என்றால் ஒரு துறையின் தலைவர், சம்பளக்காரர். நிதித் துறைக்கு ஒருவர், விற்பனைக்கு ஒருவர் என்று இருப்பார்கள். நிர்வாகக் குழுவில் உட்காருபவருக்கு அங்கே ‘கொன்செஹேரோ’ என்று தனிப்பெயர். அர்ஜென்டினாவுக்கோ சிலிக்கோ போனால் நிர்வாகக் குழுவின் பெயரே ‘திரெக்தோரியோ’, அதன் உறுப்பினர்தான் ‘திரெக்தோர்’. துறையை நடத்துபவர் அங்கே ‘ஹெரெந்தே’. நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் சிலியிலும் பெருவிலும் ‘ஹெரெந்தே ஹெனெரால்’, மெக்ஸிகோவில் ‘திரெக்தோர் ஹெனெரால்’, ஸ்பெயினில் பெரும்பாலும் ‘கொன்செஹேரோ தெலெகாதோ’. மாட்ரிட் கிளைக்கு ஒருமுறை செய்த பட்டியலை அப்படியே புவெனோஸ் ஐரஸுக்கு அனுப்பினால், மார்க்கெட்டிங் பார்ப்பவர் நிர்வாகக் குழு உறுப்பினர் போலத் தெரிவார். சட்டப்படி அவருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது.

இங்கேதான் உங்கள் மொழிபெயர்ப்பு மென்பொருள் கழுத்தை அறுக்கிறது. போன வருடம் யாரோ மெக்ஸிகோவுக்குச் செய்த ஃபைல், பழைய மொழிபெயர்ப்புகளைச் சேர்த்து வைக்கும் அதன் நினைவகத்தில் இருக்கும். ‘டைரக்டர்’ என்று கண்டதும் நூறு சதவீதப் பொருத்தம் என்று தானாகவே நிரப்பிவிடும். அந்த வரிக்குக் கூலி பூஜ்யம், சில நேரம் தொடவும் முடியாதபடி பூட்டியிருக்கும். அதை மீறி நாட்டுக்கு ஏற்றபடி மாற்றினால், ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு மொழிபெயர்ப்பா என்று தரச் சோதனை சிவப்புக் கொடி காட்டும். இரண்டு ஆங்கிலப் பதவிகள் ஸ்பானிஷில் ஒன்றாகிவிட்டாலும் கொடிதான். நீங்கள் ஃபைலைத் திருப்பி அனுப்புவீர்கள், நான் விளக்கம் எழுதுவேன், அதை யாரும் படிக்கமாட்டார்கள். அப்புறம் அடுத்த ஷீட் வரும்.

‘ஆபீசர்’ இன்னொரு தொல்லை. ‘ஒஃபிசியால்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். லத்தீன் அமெரிக்காவில் வங்கிக் கடன் ஆபீசருக்கும் விதிமுறை இணக்கத்தைக் கவனிக்கும் ஆபீசருக்கும் அந்தச் சொல் புழக்கத்தில் உண்டு, தப்பில்லை. ஸ்பெயினில் ‘ஒஃபிசியால் தெ ப்ரிமேரா’ என்றால் தேர்ந்த கொத்தனார், எலெக்ட்ரீஷியன் போன்றவர்களின் தரநிலை. தொழிற்சங்க ஒப்பந்தங்களில் அதற்குச் சம்பள அட்டவணையே இருக்கும். நல்ல கொத்தனார் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் உங்கள் தலைமை நிதி ஆபீசர் அப்படி நினைக்கமாட்டார். தரவுப் பாதுகாப்பு ஆபீசர் கதையே தனி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் ஸ்பானிஷ் பதிப்பு அந்தப் பதவிக்கு ‘தெலெகாதோ’ என்று பெயர் வைத்துவிட்டது. சட்டத்தில் இருக்கும் பெயரை அழகு பார்த்து மாற்ற எனக்கு உரிமை இல்லை. உங்கள் வாடிக்கையாளருக்கும் இல்லை.

எக்ஸிக்யூட்டிவ், வி.பி. இரண்டையும் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே எக்ஸிக்யூட்டிவ் என்றால் நேற்றுச் சேர்ந்த பையன். அமெரிக்க வங்கிகளில் வி.பி. நடுத்தரப் படி, நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். ஸ்பானிஷில் துணைத் தலைவர் என்று எழுதினால், தலைவருக்கு அடுத்த நாற்காலி என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

இதெல்லாம் மானப் பிரச்சினை, ஏதோ சமாளிக்கலாம். அமெரிக்க மருத்துவமனைப் படிவங்கள் வரும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது. அந்த நாட்டில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கு மேல். ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். மெடிக்கல் அசிஸ்டென்ட் ரத்த அழுத்தம் பார்ப்பார், விவரம் குறித்துக்கொள்வார். சொல்லுக்குச் சொல் போனால் இருவரும் ‘அசிஸ்தெந்தே மெதிகோ’ ஆகிவிடுவார்கள். மருந்தை நிறுத்தச் சொன்னது இவர்களில் யார் என்பது நோயாளிக்குத் தெரிய வேண்டாமா? நர்ஸ் ப்ராக்டிஷனரும் அப்படித்தான். மேற்படிப்பு முடித்து, நோயாளிகளைத் தாமே பார்த்துச் சிகிச்சை தருபவர். ‘என்ஃபெர்மேரா ப்ராக்திகாந்தே’ என்று எழுதினால், பெருவிலிருந்தோ மெக்ஸிகோவிலிருந்தோ வந்தவர் இன்னும் பயிற்சியில் இருக்கும் மாணவி என்று நினைத்து, டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டபடி காத்திருப்பார்.

நோட்டரி விஷயத்தில் சட்டமே தலையிட்டிருக்கிறது. அமெரிக்காவில் நோட்டரி ஆக வக்கீல் படிப்பு வேண்டியதில்லை. கையெழுத்துப் போடுபவர் யார் என்று சரிபார்த்து முத்திரை குத்துவதே முக்கிய வேலை. மெக்ஸிகோவிலோ ஸ்பெயினிலோ ‘நொதாரியோ’ என்றால் சட்டம் படித்து, கடினமான தேர்வுகளைத் தாண்டி வந்த பெரிய மனிதர். இந்த இடைவெளியை வைத்து அமெரிக்காவில் பலர் கடை விரித்தார்கள். வெறும் முத்திரைக்காரர் ‘நொதாரியோ’ என்று பலகை மாட்டிக்கொண்டு குடியேற்ற விண்ணப்பங்களுக்குப் பணம் வாங்குவார். தப்பாக நிரப்பிய படிவத்தால் நாட்டை விட்டே போகவேண்டிய நிலைக்கு வந்த குடும்பங்கள் உண்டு. அதனால்தான் கலிஃபோர்னியா, டெக்ஸஸ் போன்ற மாநிலங்கள் அந்தப் பதவிப் பெயரை நேரடியாக ஸ்பானிஷில் மொழிபெயர்த்து விளம்பரம் செய்யவே தடை போட்டிருக்கின்றன. உங்கள் ஷீட்டில் அது நாற்பதாவது வரியாக, எந்தக் குறிப்பும் இல்லாமல், அக்கவுன்டென்டுக்கும் ஆடிட்டருக்கும் நடுவே இருக்கும்.

அக்கவுன்டென்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. மெக்ஸிகோவில் அவர் ‘கொந்தாதோர்’. ஸ்பெயினில் ‘கொந்தாப்ளே’. ஸ்பெயின்காரரிடம் ‘கொந்தாதோர்’ என்றால் கரன்ட் மீட்டரைத்தான் நினைப்பார்.

ஆண், பெண் சிக்கல் ஒன்றும் பாக்கி. மேலாளர், இயக்குநர் என்று ‘ர்’ போட்டு நாம் தப்பித்துக்கொள்கிறோம். ஸ்பானிஷில் ‘ஹெஃபே’, ‘ஹெஃபா’ என்று பிரித்தாக வேண்டும். பெயர்ப்பலகைக்கா, வேலை விளம்பரத்துக்கா, பொதுப் பட்டியலுக்கா என்பதைப் பொறுத்து முடிவு மாறும். யாருக்கான பலகை என்று சொன்னால் போதும், ஒரு நிமிட வேலை.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஷீட்டில் நாடு, மேலதிகாரியின் பதவி, வேலையைப் பற்றி ஒரு வரி ஆகிய மூன்று பத்திகளைச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். எச்.ஆர். துறையிடம் நிறுவனத்தின் பதவி வரைபடம் ஏற்கெனவே இருக்கும், அதை இணைத்தாலே பாதி வேலை முடிந்தது. பதவிப் பெயர்களுக்கு மட்டுமாவது நினைவகப் பூட்டை எடுத்துவிடுங்கள். கூலியைச் சொல்லுக்கு வைக்காமல் மணிக்கணக்கில் வையுங்கள். இதெல்லாம் வாடிக்கையாளரிடம் கேட்கச் சங்கடமாக இருக்கிறது என்றால், என்னையும் அந்த மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள். நானே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளன்