எழுத்து வட்டம்: 2024-25 ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் பதினொரு கூட்டங்கள் நடந்தன. மழையால் ஒன்று ரத்தானது. பொங்கல் சிறுகதைப் போட்டி வழக்கம்போல நடந்து, பரிசும் கொடுத்தாகிவிட்டது.

அடுத்து நம் கூட்டு நாவல். "துப்பறியும் கதை எழுத எதுக்கு சார் பாரிமுனையைச் சுத்தணும்?" என்று ஜனவரி கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் கதை நடப்பது 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை இரவு. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கரைக்கு வந்து ஒன்பதரை மணி வாக்கில் குண்டு போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்த இரவு. அந்தக் கலவரத்தில் ஜார்ஜ் டவுன் மண்டி ஒன்றின் கணக்கப்பிள்ளை இறந்துகிடக்கிறார். குண்டடிபட்டுப் போய்விட்டார் என்கிறது ஊர், மகள் மட்டும் நம்பவில்லை.

ஏழாம் அத்தியாயத்தில் அவள் மாடியிலிருந்து பார்க்கிறாள், நிலா வெளிச்சத்தில் ஒருவன் பெட்டியோடு ஓடுகிறான் என்று எழுதியிருந்தோம். படிக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் எனக்கு உறுத்தியது. நூறாண்டுப் பஞ்சாங்கம் வாங்கிப் பார்த்தால், அமாவாசை கழிந்து மூன்றாம் நாள்! பிறை எட்டு மணி வாக்கிலேயே மறைந்திருக்கும். சரி, அப்படியானால் அவள் பார்த்தது எண்ணெய்த் தீயின் வெளிச்சத்தில். அவன் ஓடியது தொட்டி எரிய ஆரம்பித்த பிறகு. குண்டு விழும் முன்பே வீட்டுக்குப் போய்விட்டேன் என்று அவன் சொன்ன கணக்கு அங்கேயே உடைந்தது. அது மகாளய அமாவாசை என்பதால் அன்று நவராத்திரி மூன்றாம் நாள், வீட்டில் கொலு இருந்திருக்குமே என்று மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர் எடுத்துக் கொடுத்தார். காணாமல் போன சாவி இப்போது மரப்பாச்சியின் பட்டுத்துணிக்குள் இருக்கிறது. இதைப் பேசிய கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏழே பேர், ஒன்பது மணி வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பாரிமுனைக்குப் போனதும் இதற்காகத்தான். உயர்நீதிமன்ற மதிலில் எம்டன் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. நம்முடன் வந்தவர் ஒருவர் முப்பது வருஷம் வேலைக்குப் போக அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போயிருக்கிறார், ஒரு நாளும் பார்த்ததில்லையாம். "எங்கப்பா என்னை எம்டன் எம்டன்னு திட்டுவார்" என்று சொல்லி எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே நின்றார். மறுநாளே எட்டாம் அத்தியாயத்தை எழுதிக் கொடுத்தார், அதுவரை எங்களுக்கு ஒரு பக்கம்கூட எழுதித் தராதவர். தினமும் போகிற தெருவே ஒருவருக்கு இப்படித் திறந்துகொள்கிறது என்றால் அந்தப் பயணம் வீண் இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். வரவுக்குள்தான் செலவு, சிறிது கையிருப்பும் உண்டு. பஞ்சாங்கமும் ஜெராக்ஸும் செயற்குழுவைக் கேட்காமல் வாங்கியவை என்று ஒரு பேச்சு இருக்கிறது. கேட்பதற்குக் கூட்டத்துக்கு ஆள் வந்திருக்க வேண்டும். முப்பத்தொரு உறுப்பினரில் பதினாறு பேரின் சந்தா இன்னும் பாக்கி. ஆறு பேரை ஆடி மாதத்துக்கு அப்புறம் நான் பார்க்கவே இல்லை. உடம்பு முடியாதவர்களைச் சொல்லவில்லை. வீடு பக்கத்தில் இருந்தும் வராதவர்களைச் சொல்கிறேன், எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இடம் தந்தவர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும், தலைவருக்கும், துணைத்தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் நாவலை முடிக்க வேண்டும், இன்னும் ஆறு அத்தியாயம் இருக்கிறது. இதே ஏழு பேரை வைத்து முடிக்க முடியாது, செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதையும் அதை வைத்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பழைய சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் யார் வீட்டிலாவது இருந்திருந்தால் அந்தக் கதைகளை எழுதிக்கொண்டு வாருங்கள். பதினோராம் அத்தியாயத்தின் கைப்பிரதி யாரிடம் இருக்கிறதோ, அவர் அடுத்த ஞாயிறு அவசியம் கொண்டுவரவும், ஜெராக்ஸ் எடுக்காத ஒரே பிரதி அது.

இப்படிக்கு,
செயலாளர்