அரசு இணையதளங்களை உருவாக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் பார்வையற்றவன். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடரில் ஒன்றான, இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏவை வைத்துத்தான் உங்கள் தளங்களைப் படிக்கிறேன். கண் தெரிந்தவர் பக்கத்தை ஒரு நோட்டம் விட்டு, வேண்டிய இடத்தில் நின்றுவிடுவார். எனக்கு அந்த வேலையைச் செய்வது கீபோர்டின் எச் விசை. அதை அழுத்தினால் அடுத்த தலைப்பு. 2ஐ அழுத்தினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்பு.

அண்மையில் ஒரு துறையின் கல்வி உதவித்தொகைப் பக்கத்தைத் திறந்தேன். எச் அழுத்தியதும் ‘அடுத்த தலைப்பு இல்லை’ என்றது. தங்கையைப் பார்க்கச் சொன்னேன். தகுதி, ஆவணங்கள், கடைசித் தேதி எல்லாம் பெரிய நீல எழுத்தில் பளிச்சென்று இருப்பதாகச் சொன்னாள். எழுத்தைப் பெரிதாக்கியவர்கள், இது இரண்டாம் நிலைத் தலைப்பு என்று மென்பொருளுக்குச் சொல்லும் எச்2 குறியீட்டைப் போடவில்லை. கடைசித் தேதியைத் தெரிந்துகொள்ள மெனுவிலிருந்து வரிவரியாகக் கேட்டேன்.

வேறொரு தளத்தில் இதற்கு நேர்மாறு. ஓடும் அறிவிப்புகள் ஒவ்வொன்றும் எச்1. படத்தின் கீழே எழுத்து சிறிதாக வர வேண்டுமென்று எச்5. எழுத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளத்தான் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மொழி இருக்கிறதே!

திட்டத்தின் பெயருக்கு எச்1 போடுங்கள். தகுதி, ஆவணங்கள், விண்ணப்பிக்கும் முறை ஆகியவற்றுக்கு எச்2. ஆவணங்களுக்குள் ‘பள்ளி மாணவர்’, ‘கல்லூரி மாணவர்’ என்று பிரிந்தால் எச்3. ‘விவரங்கள்’ என்றே நான்கு தலைப்பு வைத்தால் எதைத் திறப்பது?

தலைப்பு என்றாலே கூகுள் தேடலுக்கு என்று பல ஒப்பந்த நிறுவனங்கள் நினைக்கின்றன. பக்கம் எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ளத் தலைப்புகள் கூகுளுக்கு உதவுவது உண்மைதான். ஆனால் அவற்றின் வரிசை மாறினாலும் தேடலுக்குப் பாதகமில்லை என்று கூகுளே சொல்கிறது. வரிசை எங்களுக்குத்தான் வேண்டும். தேடலில் தளம் முன்னே வருமா என்று காட்டும் எஸ்இஓ அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு பணியை ஏற்றுவிடாதீர்கள்.

இது நான் கேட்கும் சலுகையும் அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் பின்பற்றச் சொல்லும், இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான பன்னாட்டுத் தரமான டபிள்யூசிஏஜியில், பார்வைக்குத் தெரியும் அமைப்பு குறியீட்டிலும் இருக்க வேண்டும் என்பது 1.3.1 விதி. அது அடிப்படையான ‘ஏ’ நிலையிலேயே வருகிறது.

டெண்டரிலேயே இதை எழுதுங்கள். பக்கங்களில் தகவல் ஏற்றும் ஊழியருக்கு, போல்டு பொத்தானை விட்டுவிட்டு ‘தலைப்பு 2’ஐத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொடுங்கள். தளத்தைத் திறந்துவைக்கும் முன், ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் ஒருவரை உட்காரவைத்து, கடைசித் தேதியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அழைத்தால் நானே வருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் தளங்களின் பயனாளி ஒருவன்