பழைய கார் வாங்கியவருக்கும் தகவல் போக வேண்டும்

ஆசிரியருக்கு,

ஏர்பேக் (விபத்தில் விரியும் காற்றுப்பை) கோளாறைச் சரிசெய்ய, விற்ற கார்களைக் கார் நிறுவனம் திரும்ப அழைப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். உரிமையாளர்களுக்கு நிறுவனமே தகவல் அனுப்பும் என்கிறது செய்தி. சரி, கார் கைமாறியிருந்தால்? நான் வாங்கிய பழைய காருக்கான கடிதம் முதல் உரிமையாளரின் மதுரை முகவரிக்குப் போயிருந்தது. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அப்புறம் சர்வீஸ் சென்டரில் காசு வாங்காமல் மாற்றித் தந்தார்கள்.

எங்கள் கடற்கரைக்கு இது சாதாரண விஷயம் அல்ல. உலகெங்கும் திரும்ப அழைக்கப்பட்ட டகாட்டா என்ற ஜப்பான் நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் வாயுவை உண்டாக்கும் அம்மோனியம் நைட்ரேட், பல ஆண்டுகள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் இருந்தால் கெட்டுப்போகிறது; ஏர்பேக் விரியும்போது உலோகக் கூடு வெடித்து, சில்லுகள் ஓட்டுபவர் மேலேயே பாய்கின்றன. தொண்டி முதல் ராமேஸ்வரம் வரை வெயிலுக்கும் கடல் ஈரத்துக்கும் குறைவில்லை. வெளியூரில் ஓடித் தேய்ந்த கார்களை வாங்கி ஓட்டுபவர்களும் இங்கு அதிகம்.

வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. இன்றைய உரிமையாளர் யார் என்பது அரசின் வாகனப் பதிவு விவரங்கள் அடங்கிய ‘வாகன்’ தரவுத்தளத்தில் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போதே வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் சேசிஸ் எண்ணைச் சரிபார்த்து, பழுது நிலுவையில் இருந்தால் வாங்குபவரின் கைபேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும்.

வாசகர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்